கிணற்றுக்குள்ளிருந்து பாடிய ஞானத்துக்கு

என் அருமை மச்சான் ஞானம்,

நீ போய் மூன்று மாதமாகிறது. கடைக்காரன் நான், சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. எங்களுடைய புது அல்பம் போய்விட்டது. அதை இந்திய ஆமிக்காரரின் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். யார் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பழைய கதை. எழுபதுகளில் கொழும்பில் 'கொள்ளிவால்' என்றொரு இசைக்குழு இருந்தது. மூவரும் ஊர்காவற்றுறைப் பொடியள். நீ கிற்றாரும் குரலும், ஓகன் வாசிப்பவன் பாலா, பகலில் புறக்கோட்டையில் மூட்டை சுமந்த நான் ட்ரம்ஸ். சைக்கடெலிக் றொக் என்று நீ சொல்வாய். காய்ச்சல்காரனின் பிதற்றல் என்று என் முதலாளி சொல்வார். ஒரு கலியாண வீட்டில் நீ ஒரே பாட்டை இருபது நிமிடம் இழுக்க, மாப்பிள்ளையின் மாமன் மேடைக்கே ஏறி வந்தது நினைவிருக்கிறதா? "தம்பிமார், நீங்கள் இந்தப் பாட்டை முடிக்கிறதுக்கிடையிலை பொம்பிளைக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தொண்டுத் துடக்கும் கழிஞ்சிடும். ஆட ஒரு பைலாவைப் போட்டுவிடுங்கோ!"

எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை அறையோடு ஓகனும் ட்ரம்ஸும் எரிந்தன. நீ கிற்றாரைக் கட்டிப்பிடித்தபடி அகதிக் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தாய். நான் சைக்கிளில் கருவாடு விற்று, பிறகு கடை போட்டேன். பாலா தபால் கந்தோரில் சேர்ந்தான். நீ என் தங்கச்சி திரேசாவைக் கட்டினாய். ஐந்து வருடம் ஒருவரும் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. இந்த வருடம் தை மாதம் நீதான் கடைக்குள் வந்து எண்ணெய்ப் பீப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "மச்சான், அப்ப எங்களுக்கு வயசு காணாது. இந்தப் பாட்டுக்கு உரிய வயசு இப்பதான் வந்திருக்கு. ஒரு அல்பம் போடுவம்."

கொழும்பு ஸ்ரூடியோவில் ஒரு பொத்தானைத் திருகினால் வருகிற எதிரொலிக்கு இங்கே எங்கே போவது? கடைக்குப் பின்னால் கிடந்த பழைய கிணற்றைக் காட்டினாய். உப்பேறிப் போய் ஒருவரும் தண்ணீர் அள்ளாத கிணறு. கோடையில் அடி தெரிய வற்றிவிடும். ஸ்பீக்கரைக் கயிற்றில் கட்டி அடியில் இறக்கினாய். மைக்கைப் பாதிக் கிணற்றில் தொங்கவிட்டாய். கீழே போன கிற்றார் மேலே வரும்போது வேறொன்றாக வந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதை அப்போது உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் ஐந்து நிமிடம் வாசித்திருப்பாய்.

எண்ணெய்ப் பீப்பாதான் என் ட்ரம்ஸ், பாலாவுக்கு ஓர் இரவல் ஆர்மோனியம்; அப்படி நாலு பாட்டு முடித்தோம். ஐந்தாவதை வீட்டில் இருந்தபடி கிற்றாரோடு தனியாகப் பாடி ஒரு கசெற்றில் வைத்திருந்தாய். அதற்கு மூன்றாம் நாள் உனக்கு வயிற்றுக்குத்து. ஊரடங்கு. பாலத்தைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமல் போயிற்று. அதை நான் விவரித்து எழுதவில்லை, மச்சான். உனக்குத் தெரியும்.

நீ போய் ஒரு மாதத்தில் பாலாவும் நானும் திரேசாவிடம் போனோம். உன்னுடைய கசெற்றைக் கிணற்றில் ஒலிக்கவிட்டு, அதோடு நாங்கள் வாசித்து, ஐந்தாவது பாட்டையும் முடித்துவிடலாம் என்றோம். அவள் கசெற்றை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"உங்களுக்குப் பாட்டு, அண்ணை. எனக்கு அவரின்ரை குரல் இது ஒண்டுதான். அறுந்தால்?"

"அறாது. பத்திரமாத் திருப்பித் தாறது என்ரை பொறுப்பு."

"அப்ப நானும் வருவன். கண்ணுக்கு முன்னாலை வைச்சுச் செய்யுங்கோ."

முதலில் அந்தக் கசெற்றை வேறொன்றில் கொப்பி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஜெனரேற்றரை இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடவிட மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காத நேரம். மிச்சம் பிடித்துப் பழகிய புத்தி அப்படித்தான் ஓடியது.

காலை பதினொரு மணி. உன் கசெற் ஓடும் ரேப் ரெக்கோடர் கிணற்றுக் கட்டில் இருந்தது. பதிகிற ரேப், பக்கத்தில் ஒரு சவர்க்காரப் பெட்டிமேல். அதற்குள்தான் நாலு பாட்டும் உள்ள கசெற். திரேசா கடையின் பின்வாசலில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உன் பாட்டுத் தொடங்கி நாலு நிமிடம் இருக்கும், வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஆறு ஆமிக்காரர் உள்ளே வந்துவிட்டார்கள். கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினோம்.

நீ மட்டும் பாடிக்கொண்டே இருந்தாய்.

ஆறு துவக்கும் கிணற்றுப் பக்கம் திரும்பின. வயர் இறங்குகிற கிணறு, அதற்குள் ஓர் ஆம்பிளைக் குரல். அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? அதிகாரி ஏதோ கத்த, மொழிபெயர்க்க வந்த தமிழ்நாட்டுக்காரன் என்னைக் கேட்டான்:

"உள்ளே யாரு?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. கசெற் பாடுது."

"கசெட் மேலே இருக்கு. சத்தம் கீழேருந்து வருதே?"

"ஸ்பீக்கர் கீழை கிடக்கு ஐயா," என்றான் பாலா.

"கிணத்துக்குள்ள எதுக்கு ஸ்பீக்கர்?"

அதை எப்படி விளக்குவது? கதிரையில் சாய்ந்திருந்து ஆறுதலாகக் கேட்டவர்களுக்கே விளங்காத சங்கீதம் உன்னுடையது. ரேப்பை நிற்பாட்டிக் காட்டலாம் என்று அரை அடி எடுத்து வைத்தேன். துவக்கு நெஞ்சில் முட்டியது. நிற்பாட்டினால் உள்ளே இருப்பவன் பதுங்கிவிட்டான் என்பார்கள். நிற்பாட்டாவிட்டால் அவன் இன்னும் பாடுகிறான் என்பார்கள். நீ பாடி முடித்துக் கிற்றாரைத் தொடங்கினாய். அந்த வாசிப்பு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் ஒருமுறையாவது சுருக்கமாக வாசிக்க மாட்டாயா, மச்சான்?

அதிகாரி இடுப்பிலிருந்து குண்டொன்றைக் கழற்றினான்.

"உள்ளே இருக்கிறவனை வெளியே வரச் சொல்லு. இல்லேன்னா போட்டுடுவோம்னு சொல்றார். பாடுறது யாரு? பேரைச் சொல்லு!"

பேரைச் சொன்னால் அடுத்தது வீடு எங்கே என்பார்கள், யாரோடு திரிந்தவன் என்பார்கள். கடையில் நின்று பழகிய என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது.

"தெரியாது ஐயா. பட்டணத்திலை வாங்கின கசெற். ஆரோ பாடுறான்."

பின்வாசலில் தேநீர்ப் பேணி விழுந்தது.

திரேசா வந்தாள். ஓடவில்லை, கையை உயர்த்தவும் இல்லை. துவக்குகளுக்கு நடுவால் நேரே கிணற்றடிக்கு நடந்தாள். சுடவேண்டாம் என்று பாலா கத்தினான்.

"அண்ணை பொய் சொல்லுறார்," என்றாள். "அது என்ரை மனுசன். ஞானப்பிரகாசம். போன மாதம் தாட்டது. நம்பாட்டில் சேமக்காலைக்கு வாங்கோ, குழியைக் காட்டுறன்."

கிணற்றுக் கட்டில் இருந்த ரேப்பின் பொத்தானை அமத்தினாள். கிணறு அமைதியானது. திரும்ப அமத்தினாள். கிற்றார் விட்ட இடத்திலிருந்து வந்தது. மூன்றாம் தரமும் அமத்தி நிற்பாட்டினாள். அதிகாரி கிணற்றை எட்டிப் பார்த்தான். குண்டை இடுப்பில் மாட்டிவிட்டுக் கழுத்து வேர்வையைத் துடைத்தான்.

தப்பினோம் என்று நினைத்தேன். கசெற்றைத் தரச்சொல்லிக் கையை நீட்டினான். விசாரிக்க வேண்டுமாம். திரேசா ரேப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

ஒன்று கொடுக்காமல் அவர்கள் போகப்போவதில்லை. நான் சவர்க்காரப் பெட்டிமேல் இருந்த கசெற்றைக் கழற்றி, "பாட்டெல்லாம் இதிலைதான் ஐயா," என்று அதிகாரியின் கையில் வைத்தேன். உன்னுடைய நாலு பாட்டும் அப்படிப் போயின.

பாலா ஒரு கிழமை கடைப் பக்கம் வரவில்லை. பிறகு வந்து, "அவன் இருந்திருந்தால் உம்மைக் கிணத்துக்குள்ளை தள்ளியிருப்பான்," என்றான். உண்மையா, மச்சான்? நாலு பாட்டா, திரேசாவின் மடியில் இருக்கும் ஒன்றா என்று கேட்டால் நீ எதைக் கொடுத்திருப்பாய்?

திரேசா உன் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"ஏன் அண்ணை தெரியாதெண்டனீங்கள்?"

"பயத்திலை, பிள்ளை."

"பயமெண்டால் பேசாமல் நிண்டிருக்கலாமே."

கடை திறக்க வேணும் என்று நான் எழும்பிவிட்டேன்.

போன கிழமை அந்த மொழிபெயர்ப்புக்காரன் பிளேட் வாங்கக் கடைக்கு வந்தான். ஆள் கெட்டவன் இல்லை. கசெற்றை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம், இனித் திரும்பாதாம். அனுப்புமுன் அவனை இருத்தி முழுவதும் கேட்க வைத்தார்களாம். அன்றைக்குப் பதிகிற ரேப்பை ஒருவரும் நிற்பாட்டவில்லை அல்லவா? எல்லாம் விழுந்திருக்கிறது.

"அந்தம்மா பேசினது இருக்கு. நீங்க தெரியாதுன்னு சொன்னதும் இருக்கு," என்றான் பிளேட்டைப் பையில் போட்டபடி. "கிணத்துக்குள்ள போய் மூணு தடவை திரும்பி வருது, அண்ணாச்சி."

அவன் சொன்னதை அடுத்த நாள் திரேசாவிடம் போய் அப்படியே சொன்னேன். அவள் உள்ளே போய்க் கசெற்றைக் கொண்டுவந்து, "முதலிலை கொப்பி எடுங்கோ," என்றாள். மண்ணெண்ணெயைப் பார்க்காமல் இரண்டு கொப்பி எடுத்தேன். முடியும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

இப்போது மாரி மழை தொடங்கிக் கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. வரும் ஆவணியில் வற்றும். ஊர் இருந்தால், நாங்கள் இருந்தால், அந்த நாலு பாட்டையும் பாலாவும் நானும் நினைவிலிருந்து எடுப்போம். உன்னைப் போல வராது, தெரியும். ஐந்தாவதில் நீயே பாடுவாய்.

அந்தப் பாட்டுக்குப் பீப்பா அடிக்கிற கம்பை எடுக்குமுன் நான் கிணற்றுக் கட்டில் குனிந்து, வேலிக்கு வெளியே யார் நின்றாலும் கேட்கிற சத்தத்தில், பாடுகிறவனின் பேரையும் அவன் எனக்கு என்ன முறை என்பதையும் சொல்வேன். அது எத்தனை தரம் திரும்பி வந்தாலும் வரட்டும்.

இப்படிக்கு,
ஞானப்பிரகாசத்தின் மச்சான், திரேசாவின் தமையன்,
அந்தோனிப்பிள்ளை
ஊர்காவற்றுறை