பாப்பாம்மாவின் காது

பிப்ரவரி 6

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இன்று ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணியின் காதில், "உங்க தம்பி லாரியில அடிபட்டுட்டாரு" என்று சொன்னேன். அவருக்குத் தம்பியே கிடையாது. ஆனாலும் பொலபொலவென்று கண்ணீர். ஷாட் ஓகே.

நான்கு வயதில் நடிக்க வந்தவர். அவர் அழுதால் தியேட்டரே அழுமாம். இன்றுவரை எல்லோருக்கும் பாப்பாம்மாதான். எங்கள் சீரியலில் மாமியார். வாழ்நாளில் கிளிசரின் தொட்டதில்லை என்பது அவர் பெருமை. அந்தப் பெருமைக்கு யாராவது ஒருவர், அழும் காட்சிக்கு முன்னால், காதில் கெட்ட செய்தி சொல்ல வேண்டும். முன்பு அவருடைய அம்மா சொல்வாராம். இப்போது என்னைப் போன்ற உதவி இயக்குநர்கள். யூனிட்டில் இந்த வேலைக்குப் பெயரே 'காது'.

"இந்தப் பொண்ணுக்குக் குரலே வெளிய வராது. காதுக்கு இவதான் சரி" என்றார் டைரக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 9

சொன்னதையே திருப்பிச் சொன்னால் கண்ணீர் வராதாம். "உங்க வீடு தீப்பிடிச்சிருச்சு" என்றேன்.

"இன்ஷூரன்ஸ் இருக்குடி. ஆள் யாரையாவது சொல்லு."

பிப்ரவரி 10

ஆள் யாரும் மிச்சமில்லை. பூனையைக் கொன்றேன்.

பிப்ரவரி 17

லைட் எல்லாம் வைத்த பிறகு டிரஸ் நிறம் பிடிக்கவில்லை என்று மேக்கப் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரைத் திட்ட முடியாமல் டைரக்டர் என்னைத் திட்டினார். நான் யாரைத் திட்டுவது?

கெஞ்சப் போனால் கதை சொல்கிறார். "பதினாலு வயசுல திடுதிப்புனு வளந்துட்டேன். ஒருத்தரும் கூப்பிடலை. ஹீரோயினா ரெண்டு படம், ரெண்டும் ஊத்திக்கிச்சு. கல்யாணம் அதைவிட சீக்கிரமா ஊத்திக்கிச்சு."

பிறகு, அதே குரலில்: "முதல் காது எங்கப்பா செத்துட்டாருங்கறதுதான். நாலு வயசு எனக்கு. அழுது முடிச்சு வீட்டுக்குப் போனா மனுஷன் உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. பேய்னு கத்திட்டேன். ஒன்பது வயசுல அம்மா மறுபடி அதையே சொன்னாங்க. என்ன, பழசையே சொல்றாங்கன்னு நினைச்சேன். ஆனாலும் அழுதேன். செட்டே கை தட்டுச்சு. வீட்டுக்குப் போனா வாசல்ல கூட்டம்."



"லிப்ஸ்டிக் சரியா இருக்கா பாரு" என்றார்.

மார்ச் 2

ஒரு மகள் இருக்கிறாளாம், வேறு ஊரில். பல வருடமாகப் பேச்சில்லை. "வீட்டை விட்டுப் போறப்ப வாசல்ல நின்னு அழுதேன். 'கேமரா எந்தப் பக்கம்மா இருக்கு?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. நல்ல வசனம் இல்ல?"

நீங்களே ஒரு போன் செய்யலாமே என்று கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

"அவ பண்ணட்டும்."

இந்தப் பிடிவாதத்தை எல்லாம் பார்த்துக்கொண்டு சம்பளத்துக்காக நிற்கிறேன். சே.

மார்ச் 11



ஷாட்டின்போது நடிகர்களின் போன்கள் என்னிடம்தான் இருக்கும். பாப்பாம்மாவுடையது அதிர்ந்தது. திரையில் 'பிடிவாதக்காரி' என்று பெயர். எடுத்தேன். மகள். "ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்க. அம்மா குரலை ஒரு தடவை கேக்கணும். அழ வேண்டாம்னு சொல்லுங்க. பேசினா போதும்."

லைனைத் துண்டிக்காமல் செட்டுக்குள் ஓடினேன். "வந்துட்டியா? சீக்கிரம் காதைப் போடு" என்றார் டைரக்டர். நான் ஒரு மக்கு. சத்தமாகச் சொல்லாமல், பழக்கதோஷத்தில் குனிந்து காதிலேயே சொன்னேன். "உங்க பொண்ணுக்கு ஆபரேஷன். லைன்ல இருக்காங்க."

பாப்பாம்மா லேசாகத் தலையாட்டினார், இன்று நல்லதாகச் சொன்னாய் என்பதுபோல. கேமரா ஓடியது. கண் நிறைந்தது, உதடு துடித்தது, எத்தனை அழகு. போன் என் கையில் சூடாக இருக்கிறது. அந்த ஒன்பது வயது... ஐயோ, மறுபடியுமா?

"கட்."

நான்தான். அவ்வளவு சத்தம் எனக்குள் எங்கே இருந்தது?

"எவ கட் சொன்னது?" என்றார் டைரக்டர்.

பாப்பாம்மாவிடம் போனை நீட்டினேன். "இது காது இல்ல மேடம். நிஜம்."

என்னையே பார்த்தார். புறங்கையால் கன்னத்தைத் துடைத்தார், மேக்கப்போடு. போனை வாங்கினார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கடைசியில், "சாப்பிட்டியாடி?" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்டது. "ஆபரேஷனுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதும்மா."

"ஓ. சரி. நான் வரேன்."

டிரஸ்ஸைக்கூட மாற்றாமல் கிளம்பிவிட்டார்.

மார்ச் 12

"கட் சொல்ல உனக்கு எவன் அதிகாரம் குடுத்தான்?" என்றார் டைரக்டர். என்னைக் காஸ்ட்யூம் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "துணி மடிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?"



மார்ச் 20

துணி மடித்தேன்.

ஏப்ரல் 3

பாப்பாம்மா திரும்பி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, ரவிக்கையின் தோள்பட்டை இறுக்குகிறது என்று என்னைத்தான் பிடித்தார். பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "தையலை நனைக்காதன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? சொன்ன பேச்சு கேக்கறியா நீ?" என்று யாரையோ திட்டினார். யாரையோ என்ன, போன் அடித்தபோதே திரையைப் பார்த்தேன். பெயரை இன்னும் மாற்றவில்லை.

மதியம் அழும் காட்சி. "இன்னிக்கு யாரு காது?" என்று டைரக்டர் கேட்க, புதுப் பெண் ஒருத்தி பயந்து பயந்து எழுந்தாள்.

"நீ உக்காரும்மா" என்றார் பாப்பாம்மா. மேக்கப் மேனைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்த பாட்டிலை எடு."

எந்த பாட்டில் என்று அவருக்குப் புரியவே இல்லை. பிறகு மருமகளாக நடிக்கும் பெண்ணின் பெட்டியிலிருந்து கிளிசரினைத் தேடி எடுத்து வந்தார். ஒரு சொட்டுதான். பாப்பாம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்னடா இப்படி எரியுது? இதையா எல்லாரும் போட்டுக்கிட்டு இருந்தீங்க?"