கொடிக்கம்பத்துக்கு இந்தப் பக்கம்

ஜன. 17, செவ்வாய்

காலையில பனி. மூக்கு ஒழுகல். ஸ்டுடியோவைப் பூட்டிட்டு கோயமுத்தூர் பஸ். கிணத்துக்கடவுல இருந்து நின்னுக்கிட்டே போனேன். எரிச்சல்.

கேமரா கடைக்கு இது எத்தனாவது நடையோ. கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே கொட்டாவி. "இன்னைக்காவது முடிவு பண்ணீட்டு வந்தீங்களாங்க?" பண்ணியிருந்தா எதுக்கய்யா உன்ற மூஞ்சிய வந்து பார்க்கறேன்?

பாடி முடிவு ஆச்சு. எஸ்.எல்.ஆர்., கறுப்பு, எல்லாம் கையால திருப்பறது. ஆட்டோ வேண்டாம், பேட்டரி செத்தா கூடவே செத்துரும். 50 எம்எம் லென்ஸ் கூடவே வருது.

இன்னொரு லென்ஸ் எது? தலையைப் பிச்சுக்கிட்டது இதுலதான்.

50 மட்டும் - கிட்டப் போகணும். மாட்டுக்குக் கிட்டப் போனா கொம்பு.
135 - ரெண்டுங்கெட்டான்.
ஜூம் - உள்ளே பார்த்தா இருட்டு. கனம் வேற.
200 - ரெண்டு தினுசு. ஒண்ணு சாதா. இன்னொண்ணு பெரிய வாய், கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்குது. விலை கேக்கவே பயம்.

சாதா 200-ஐ மாட்டிக் கடை வாசல்ல நின்னு பார்த்தேன். தெருக்கோடியில ஒரு பஸ். கோபுரம் அதுக்கும் எங்கியோ அப்பால. உள்ளே பார்த்தா ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது, பஸ் கூரை மேல கோபுரம் மொளைச்சாப்பல. சிரிச்சுட்டேன். "தூரத்தைச் சுருக்கிப்போடுமுங்க, எட்ட இருக்கறது கிட்ட இருக்கறது எல்லாம் ஒண்ணாத் தெரியும்"னார். அதுக்குத்தானே வாங்கறேன்னு சொல்லி வாங்கிப்போட்டேன்.

இந்த வெறி போன பொங்கல்ல பிடிச்சது. ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு இரவல் கேமராவோட போனேன். பக்கத்துல நின்ன ஆளைக் காளை தூக்கி வீசிச்சு. தொடையில ஓட்டை. ரத்தம் என்ற சேலையில. படம் ஒண்ணும் தேறலை. பாஸ்போர்ட் மூஞ்சிகளையே எடுத்து எடுத்துச் சாகறதுக்கா பிறந்தேன்? வெளியில எடுக்கணும். ஓடற மாட்டை எடுக்கணும். கொம்பு எட்டாத இடத்துல நின்னு எடுக்கணும்.

பொழுதோட என்ற ஊட்டுக்காரர் டேவிட் பஞ்சு மில்லுல இருந்து வந்தார். "எங்கம்மா போட்ட செயினை வித்துக் கண்ணாடி வாங்கியாந்திருக்கறா"ன்னு ஆரம்பிச்சார். சோத்துத்தட்டு பறந்து செவுத்துல அடிச்சுது. எறிஞ்சது நான். கூட்டி அள்ளினதும் நான்தான்.

ஜன. 22, ஞாயிறு

வெயில் சுள்ளுனு. சர்ச்சுக்குப் போகலை, கர்த்தர் பொறுத்துக்கட்டும். ரேக்ளா மைதானம். பொம்பளைன்னு பார்த்தா நானும், கம்மங்கூழ் விக்கற அம்மாவும்.

நம்ம பக்கத்து ரேக்ளா ஒவ்வொரு வண்டியாத்தான். இந்தக் கோட்டுல இருந்து அந்தக் கோட்டுக்கு எத்தனை நொடி, வாட்ச்சுல பார்ப்பாங்க. முடியற கோட்டுல சிவப்புக் கொடிக்கம்பம். அதைத் தாண்டின பிறகுதான் ஓட்டறவன் கயித்தை இழுத்து மாட்டை அடக்கணும். ஒரு நொடி முன்னால இழுத்தாலும் போச்சு.

கோட்டுகிட்ட தலை தலையா மறைக்குது. நான் கோட்டைத் தாண்டி எட்டப் போய் நின்னேன், வண்டி என்னைப் பார்த்து வர்றாப்பல. கோட்டுக்கு இந்தப் பக்கம் தரையில ஒரு சுண்ணாம்பு அடிச்ச கல்லு. அதுல ஃபோகஸ் வெச்சுட்டேன். மாடு கல்லுகிட்ட வந்தா அழுத்து.

என்ன அடி, என்ன அடி! சாட்டை வார் பட்ட இடமெல்லாம் தோல் பிளந்து சிவப்புச் சிவப்பா. ஒருத்தன் வாலைக் கடிச்சுக்கிட்டே ஓட்டறான், வாயெல்லாம் ரத்தம், மாட்டு ரத்தமா அவன் ரத்தமா தெரீல. நடுவுல வாட்ச் தகராறு. நொகத்தடியை உருவி மண்டையில போட்டாங்க. மண்டை பொளந்தவன் துண்டைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வந்து அடிச்சான். எனக்குப் பயமும் இருந்துச்சு. சந்தோசமும் இருந்துச்சு, எதுக்கு மறைக்கறது.

மயில்சாமி வண்டி. தென்னந்தோப்பு, கயிறு மில்லு, பாதி ஊரு அவருது. ஓட்டறது ராசு, அவர் தோட்டத்துல வேலை, குடியிருக்கறதும் அவர் தோட்டத்து ஊடு. எங்க தெருவுல வளர்ந்த பையன், என்னை அக்காம்பான். வண்டி ஏறறதுக்கு முன்னால ஓடி வந்தான். "அக்கா, என்ற கை தெரியறாப்பல எடுங்க. கயிறு பிடிக்கறது நானுங்களே, மாட்டை மட்டும் எடுத்துப் போட்டுறாதீங்க."

எடுத்தேன். கல்லுகிட்ட வந்ததும் அழுத்தினேன். அழுத்தற நொடி இந்தக் கேமராவுல கண்ணுக்கு இருட்டு, என்ன விழுந்துச்சோ தெரீல.

மயில்சாமி வண்டி தோத்துப்போச்சு. வெள்ளகோவில் வண்டி ஜெயிச்சுது, ஒரு இமை சிமிட்டற வித்தியாசம்.

ஜன. 23, திங்கள்

இருட்டறையில கழுவினேன். ஐயோ! ஐயோ! இப்படி ஒரு படம் நான் எடுத்ததே இல்லை. காளை ரெண்டும் வாயில நுரையோட, ராசு பின்னால சாஞ்சு கயித்தை இழுக்கறான், முழங்கையில நரம்பு முறுக்கிக்கிட்டு நிக்குது. பக்கத்துல கொடி. புழுதியில கம்பத்தோட அடி தெரீல, கொடி மட்டும் கொம்போட ஒட்டிப் பறக்குது.

பெருசாப் போட்டு ஷோகேஸ்ல மாட்டினேன். டேவிட் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். அவருக்கு அதுவே அதிகம்.

ஜன. 24, செவ்வாய்

எழுத முடியலை. எழுதறேன்.

பதினோரு மணிக்கு மயில்சாமி உள்ளே வந்தார். கலர் சோடா வாங்கி வெச்சேன், தொடலை. எங்க கடையில தொட மாட்டார். ஷோகேஸ் படத்தையே பார்த்துட்டு நின்னார். நான் வாயாடி சும்மா இருந்தனா? "கையைப் பாருங்க, கயித்தை இழுக்கற இழுப்பு நரம்பு வரைக்கும் தெரியுது"ன்னேன். பெருமை. என் நாக்கை அறுத்துப் போடணும்.

"கொடிகிட்டயே இழுக்கறானே அம்மணி"ன்னார். மெதுவாத்தான் சொன்னார். போயிட்டார்.

மத்தியானம் மயில்சாமி டெம்போ வந்து நின்னுச்சு, அவரும் இறங்கினார். பின்னால ராசுவை உக்கார வெச்சிருந்தாங்க. சட்டையைப் பிடிச்சு இழுத்து என் ஷோகேஸ் முன்னால நிறுத்தி ஒருத்தன் கேட்டான், "பாருடா, கோடு தாண்டலை, அதுக்குள்ள இழுக்கறே. வெள்ளகோவில்காரன்கிட்ட என்னடா வாங்கினே?"

ராசு மயில்சாமியைப் பார்த்துக் கும்பிட்டான். "இல்லீங்க பண்ணாடி. சத்தியமா இல்லீங்க."

மொதல் அடி வாயில. கீழே விழுந்தவனை உதைச்சாங்க. நாலு பேர். கேமரா ஸ்டாண்டை எடுத்துக்கிட்டு ஓடினேன், ஒருத்தன் முதுகுல என் பலம் கொண்ட மட்டும் போட்டேன், அவன் என்னைத் தள்ளின தள்ளுல கண்ணாடி மேல விழுந்தேன். ஷோகேஸ் நொறுங்கிச்சு. தெருவே நின்னு பார்த்துச்சு. பேக்கரிக்காரன் ஷட்டரை இறக்கிட்டான்.

மயில்சாமி கை வெக்கலை. "கயிறு பிடிச்ச கை எது?"ன்னு மட்டும் கேட்டார்.

டெம்போ பின்கதவுல ராசு வலது கையை வெச்சுக் கதவை அடிச்சாங்க. ரெண்டு தடவை. அந்தச் சத்தம்.

ஜன. 25, புதன்

என் முழங்கையில தையல்.

ஸ்டேஷன். ஏட்டு நல்லவர்தான், தண்ணி குடுத்தார். "அடிச்சதை யாரும்மா பார்த்தாங்க?" நான். "வேற?" தெருவே பார்த்துச்சு. "யாராச்சும் சொல்லுவாங்களா? வேற என்ன ஆதாரம்?" எந்திரிச்சு வந்துட்டேன்.

பெரியாஸ்பத்திரி. ராசு சம்சாரம் மாராள் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணணும்னு சொல்லி விட்டுட்டாங்களாமா. கை இந்தக் கதியில இருக்க, எங்க போறது? ரெண்டு விரல் எடுத்தாச்சு. மூணாவது பார்க்கலாம்னு டாக்டர்.

ராசு என்னைப் பார்த்ததும் கேட்டது இது: "அக்கா, நெசமாவே கோட்டுக்கு முன்னால இழுத்துட்டனாங்க?"

"என்னடா கேக்கறே?"

"இழுக்கலைன்னுதான் எனக்கு ஞாபகமுங்க. ஆனா போட்டாவுல அப்படித்தான இருக்குது. போட்டா பொய் சொல்லுமாங்க?"

பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து, பையில சுருட்டி வெச்சிருந்த ஷோகேஸ் படத்தைப் பிரிச்சுப் பார்த்தேன். கையில வெச்சு ஒப்பாரி வெச்சேன், ஒருத்தன் பஸ்ஸுக்குச் சில்லறை குடுத்தான். அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. காளை முன்னங்குளம்புக்குப் பக்கத்துல அந்தச் சுண்ணாம்புக் கல்லு. நான் ஃபோகஸ் வெச்ச கல்லு. அது கோட்டைத் தாண்டி எவ்வளவோ இந்தப் பக்கம் கிடந்த கல்லு. ராசு கோட்டைத் தாண்டிட்டான். எல்லாரும் இழுக்கற இடத்துலதான் இழுத்திருக்கறான். பஸ் மேல கோபுரத்தை ஒட்டினாப்பல, எட்ட இருந்த கொடியை இழுத்து மாட்டுக் கொம்புல ஒட்டிப்போட்டுச்சு என்ற லென்ஸ். நான் பல்லை இளிச்சுக்கிட்டு வாங்கின லென்ஸ்.

ஜன. 26, வியாழன்

ஸ்கூல்ல கொடி ஏத்தி மிட்டாய் குடுத்தாங்க. குழந்தைக சத்தம்.

கயிறு மில்லு கேட்டுல நின்னு கத்தினேன். "ராசு இழுத்தானா இல்லையான்னு மைதானத்துல காட்டறேன், வர தைரியம் இருக்குதாங்க உங்களுக்கு?" தேங்கா மட்டை அடிக்கற பொம்பளைக எல்லாம் கையை நிறுத்திட்டாங்க. அத்தனை பேர் முன்னால வராம இருக்க முடியலை அவருக்கு.

கம்பம் அப்படியே. கல்லும் அப்படியே. கூட வந்த டெம்போக்காரனைக் கல்லுகிட்ட நிறுத்தினேன். அன்னைக்கு நின்ன இடத்துல நின்னு, 200-ஐ மாட்டி, மயில்சாமி கண்ணுல குடுத்தேன்.

"கொடி எங்கீங்க இருக்குது?"

"அவன் தோள்பட்டையில."

"கேமராவைக் கீழே வெச்சுட்டுப் பாருங்க."

பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். படத்தை வாங்கிக்கிட்டுக் கல்லு வரைக்கும் நடந்து, குனிஞ்சு கல்லைத் தொட்டார். அங்கிருந்து கம்பத்துக்கு நடந்தார். ரொம்ப நடக்க வேண்டியிருந்துச்சு.

திரும்பி வந்து கையை நீட்டினார். மன்னிப்புதான் கேக்கப் போறார்னு நினைச்சுட்டேன், முட்டாள். கேமராவைக் குடுத்தேன். வாரைப் பிடிச்சுச் சுத்தி அந்தக் கல்லு மேலயே அடிச்சார். லென்ஸ் உள்ளே இருந்த கண்ணாடி எல்லாம் கற்கண்டாட்டம் சிதறிச்சு. இன்னொரு அடி. இன்னொண்ணு.

"பொய் சொன்னது இதுதானே. முடிஞ்சுது."

"கையை உடைச்சது அது இல்லீங்க!"ன்னேன். தொண்டை கிழிஞ்சுபோச்சு. அவர் வண்டியில ஏறிட்டார்.

துண்டு துண்டாப் பொறுக்கிச் சேலையில முடிஞ்சுக்கிட்டு வந்தேன். எதுக்குப் பொறுக்கினேன்னு தெரீல.

ஜன. 28, சனி

வானம் மப்பு. காத்து.

டெம்போக்காரன் அட்டைப்பெட்டியோட வந்தான். அன்னைக்கு என்ற கேமரா ஸ்டாண்டால முதுகுல வாங்கினவன் இவன்தான், நிமிர்ந்து பார்க்கலை. "ஏனுங்க, பண்ணாடி குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. ராசு ஊட்டைக் காலி பண்ண வேண்டியதில்லையாமா. நீங்களும் ஸ்டேஷன் கீஷன்னு அலைய வேண்டாம்னாருங்க."

அதே கறுப்பு பாடி. 50. அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த பெரிய வாய் 200. எப்படித் தெரிஞ்சுதோ. கடைக்காரர்கிட்டயே கேட்டிருப்பார்.

ரொம்ப நேரம் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆசையா இருந்துச்சு. த்தூ.

டேவிட் வாசப்படியில நின்னு, "என்ன பண்ணப் போறே?"ன்னார். ஃபிலிம் போட்டேன். 50-ஐ மாட்டினேன். பெரிய 200-ஐப் பெட்டியிலயே விட்டு மூடினேன். அவர் சைக்கிளை எடுத்தார், என்னைப் பின்னால வெச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மிதிச்சார்.

ஆஸ்பத்திரி. ராசு கேமராவைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக் கையை மூடிக்கிட்டான். "வேண்டாங்க அக்கா. ஊடு இருக்குதுன்னுட்டாங்க. இதைப் படமெடுத்து ஸ்டேஷன்ல குடுத்தீங்கன்னா ஊடு போயிரும்."

நியாயம்தான். கேமராவைப் பைக்குள்ள வெக்கப் போனேன்.

மாராள் எந்திரிச்சா. போர்வையை விலக்கிக் கட்டைப் பிரிக்க ஆரம்பிச்சா. நர்ஸு அங்கிருந்து கத்துது. நிறுத்தலை. "அந்த ஊட்டுல இருந்துக்கிட்டு நான் எவன் மூஞ்சியில முழிக்கறது?"ன்னா அவன்கிட்ட. கடைசிச் சுத்து ஒட்டிக்கிட்டு வரலை, தண்ணி தொட்டு எடுத்தா. மூணாவது விரலும் இல்லை.

ராசு செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டான். அழுகறான்னு நினைச்சேன்.

"அக்கா."

"சொல்லு கண்ணு."

"கை தெரியறாப்பல எடுங்க."

கிட்டப் போனேன்.