டோரீனின் செவ்வாய்க்கிழமைகள்

மார்ச் 3, திங்கள்

அம்மாவின் கோட்டுகளையாவது எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று மகள் கரோல் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். என் மனைவி டோரீன் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. இன்று பச்சை மழைக்கோட்டை எடுத்தேன். உள்பையில் மடித்த தாள் ஒன்று. டோரீன் கையெழுத்துதான். முழுக்க எண்கள்.

123456
214365
241635
426153

இப்படியே தாளின் அடிவரை. 3 என்ற எண்ணை மட்டும் ஒரு சிவப்புக் கோடு தொட்டுத் தொட்டு இறங்குகிறது. லாட்டரியா? அவள் ஒரு சீட்டுக்கூட வாங்கியவள் இல்லை. தொலைபேசி எண்ணோ என்று இரண்டாவது வரியைப் போட்டுப் பார்த்தேன். நாய்களுக்கு முடி வெட்டும் கடை. "என்ன நாய்ங்க உங்களுது?" என்றாள் ஒருத்தி. என்னிடம் நாய் இல்லை என்றேன். "அப்ப எதுக்குங்க ஃபோன் பண்றீங்க?" நியாயமான கேள்வி.

கோட்டின் கைப்பகுதியில் சிவப்பு, வெள்ளை, நீலக் கம்பளித் துணுக்குகள். டோரீனுக்குப் பின்னவே தெரியாது.

பதினொரு வருடமாக ஒவ்வொரு செவ்வாயும் 47ஆம் பஸ் பிடித்து மார்க்கெட் தார்ல்பி என்ற ஊருக்குப் போனாள். சந்தைக்கு என்பாள். நாலு மணிக்குத் திரும்பும்போது கையில் ஒரே ஒரு துண்டு சீஸ் இருக்கும். ஒரு துண்டு சீஸுக்கு ஒரு முழு நாளா? நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன், யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

முதியோர் இலவசப் பாஸ் ஒன்பதரைக்கு மேல்தான் செல்லும். நான் ஏறியது ஒன்பது இருபத்தெட்டுக்கு. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, தாத்தா, கீழ நில்லுங்க" என்றான் டிரைவர். முப்பத்தோரு வருடம் இதே வேலையில் இருந்து இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மழையில் நின்றேன்.

தார்ல்பிச் சந்தை மைதானத்தில் இருபது கடைகள் இருக்கும். சீஸ் கடைக்காரர் பெயர் நோரிஸ். எல்லோரையும் கண்ணு என்கிறார். அவரிடம் டோரீன் எந்த சீஸ் வாங்குவாள் என்று கேட்கப் போன நேரம், மாதாகோவிலில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒரு மணியல்ல, பல மணிகள், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு. அவர் காதில் விழவேண்டுமே என்று நானும் குரலை உயர்த்தினேன். மைதானம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சந்தை நாளில் மதிய மணி ஓயும்வரை இங்கே யாரும் கூவி விற்பதில்லையாம், பேசுவதுமில்லையாம். உருளைக்கிழங்குக்காரி தராசைக்கூட அப்படியே விட்டுவிட்டு நிற்கிறாள்! எனக்குக் காது சிவந்துவிட்டது.

மணி ஓய்ந்ததும் நோரிஸ் சொன்னார்: "டோரீனா? அவங்கள ஆறு வாரமாக் காணோமே கண்ணு. பாவம் ஹியூ, ரொம்பத் தவிச்சுப் போயிட்டார். ஃபோன்கூடப் பண்ணினாராம்."

ஹியூவா?

எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை. சீஸுக்குக் காசு கொடுத்தேனா என்பதும்.

மார்ச் 5, புதன்

பிப்ரவரியில் ஒரு ஆள் ஃபோன் செய்தான். "டோரீன் இருக்காங்களா?" என்றான். "இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடி விற்கிறவன் என்று நினைத்தேன்.

மார்ச் 8, சனி

என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன்: நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவ. அவளப் போயி இப்படி நெனைக்கிறியே, ரெக், வெக்கமா இல்ல? — இல்லை. நினைக்கத்தான் செய்கிறேன். உள்ளங்கையில் அவளுக்குக் காய்ப்பு இருந்தது. தோட்டவேலை என்றாள். நம்பினேன். எங்கள் வீட்டில் இருப்பது நாலு தொட்டி.

மார்ச் 11, செவ்வாய்

நேராக நோரிஸிடம் போய் ஹியூவைக் காட்டுங்கள் என்றேன். குரலில் சண்டை தொனித்திருக்கவேண்டும். அவர் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, மாதாகோவில் கோபுரத்தின் சின்னக் கதவுவரை கூடவே வந்தார். குறுகலான கல் படிகள். முட்டி என்னைத் திட்டிக்கொண்டே ஏறியது.

மேலே ஓர் அறை. கூரையிலிருந்து ஆறு கயிறுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் கை பிடிக்கும் இடத்தில் தடிமனான கம்பளி. சிவப்பு, வெள்ளை, நீலம்.

கயிறுகளைச் சுற்றி ஐந்து பேர். ஹியூ ஐம்பது வயதுக்காரர், பூட்டுக்கடை வைத்திருக்கிறார், காதிலிருந்து முடி வெளியே வருகிறது. என் சந்தேகத்துக்கு உரியவராக அவரைப் பார்க்கவே முடியவில்லை.

டோரீன் இறந்துவிட்டதைச் சொன்னேன். ஒரு பெண் மூன்றாவது கயிற்றின் கம்பளியைத் தடவிக் கொடுத்தாள்.

தாளைக் காட்டினேன். "இது மணி அடிக்கிற வரிசைங்க," என்றார் ஹியூ. "ஆறு மணி, ஆறு எண். ஒவ்வொரு தடவையும் இடம் மாறும். செவப்புக் கோடு அவங்க மணி போற வழி. மூணு."

"பதினொரு வருஷமாவா?"

"ஒரு செவ்வாய்கூட விட்டதில்ல."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

ஹியூ காலணியைப் பார்த்தார். அந்தப் பெண்தான் சொன்னாள்: "கேட்டோங்க. 'ரெக் நல்ல மனுஷன். ஆனா சொன்னா அவரும் வந்துடுவார். வந்தா, மணிய எப்படி அடிக்கணும்னு நமக்கே கத்துக்குடுப்பார்'னு சொன்னாங்க." எல்லோரும் சிரித்துவிட்டார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

நான் சிரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

அவள் நீச்சல் பழகப் போனபோது கரையில் கடிகாரத்தோடு நின்றது யார்? நான். ஓவிய வகுப்பில் சேர்ந்தாள், நானும் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் நாற்காலிகளை எப்படிப் போடவேண்டும் என்று வாத்தியாருக்கே சொன்னேன். அவள் நின்றுவிட்டாள். நான் மட்டும் இரண்டு வருடம் போனேன்!

உண்மைதான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

மார்ச் 19, புதன்

நேற்று போகவில்லை. இன்று ஹியூவிடமிருந்து கடிதம். வருகிற செவ்வாய் டோரீனுக்காக அடிக்கிறார்களாம். மணியின் நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டுவார்களாம். ஓர் அடி கணீரென்றும் அடுத்தது அமுங்கியும் கேட்குமாம். மணி அடிக்கிறவர்களில் ஒருவர் இறந்தால் அதுதான் வழக்கம். "மேலே எங்களோடு நின்று கேளுங்கள். உங்களுக்கு இடம் இருக்கிறது."

கோபுரப் படியில் கைப்பிடி வைப்பது பற்றி அவருக்கு இரண்டு யோசனை எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஒன்பதரை பஸ். சரியாக ஒன்பதரைக்கு.

ஹியூ கோபுரக் கதவருகே காத்திருந்தார். "வாங்க ரெக், மேல போவோம்."

வாய்வரை வந்தது 'சரி'. "நான் கீழேயே இருக்கேன்," என்றேன். "மேல அவ இடம்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டு ஏறினார்.

சீஸ் கடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து தாளை முழங்காலில் விரித்தேன். பன்னிரண்டுக்கு ஆரம்பித்தார்கள். முதல் வரிசை பக்கத்தில் கேட்டது; அடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல. சிவப்புக் கோட்டில் விரலை வைத்து மூன்றைத் தொடர்ந்தேன். நாலாவது வரியில் தொலைத்துவிட்டேன், கண்ணில் தண்ணீர். மறுபடி பிடித்தேன்.

வெளியூர்ப் பெண் ஒருத்தி சக்கரம் வைத்த பையோடு வந்து, "இந்த சீஸ் எவ்வளவுன்னு தெரியுமா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

உதட்டில் விரலை வைத்தேன். "ஷ்ஷ். என் பெண்டாட்டிக்காக அடிக்கிறாங்க."

அவளும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணிக்கு வீடு. கரோல் ஃபோன் செய்தாள். "எங்கப்பா போனீங்க, காலைலேருந்து அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கறீங்க?"

சந்தைக்கு என்றேன். ஒரு துண்டு சீஸ் வாங்கினேன் என்றேன்.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.