தேவா அண்ணா சுத்தின டேப்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்குது. திருமுடிவாக்கம் ஷெட்டுக்குத் தகரக் கூரை வேற. பேருதான் ஏர் ரைஃபிள் கிளப், உள்ள போனா இட்லிப் பானை.

இன்னிக்கும் அதே கதை. சுட்டது எல்லாமே குறி அட்டையில கீழே, இடது பக்கம். நடுக் கறுப்புல ஒண்ணுகூட இல்ல. தேவா அண்ணா அட்டையை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுப் பாத்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னா ஷீலா, உன் கன்னுல அக்யூரசியே இல்லியே. பேரல் போயிருக்கும். வித்துட்டு வேற பாரு." மேற்கு தாம்பரத்துல கார் சீட் கவர் கடை வச்சிருக்கார். கிளப்ல அவர் சொன்னா சொன்னதுதான். கன் வாங்கி நாலு மாசம். அதுக்குள்ள பேரல் எங்க போகும், ஊட்டிக்கா?

வினோத் அட்டையில ஒரு ஓட்டை நட்டநடுவுல. மத்ததெல்லாம் ஆளுக்கொரு திசை. அந்த ஒண்ணை மட்டும் பெருசு பண்ணி வாட்ஸ்அப்ல போட்டான். "செம்ம அக்யூரசி மச்சான்"னு வரிசையா கட்டை விரல்.

அடுத்த ஞாயிறு செலக்‌ஷன். செங்கல்பட்டு கிளப்போட மேட்ச். டீம்ல நாலு பேர், மூணு பேர் முடிவாயாச்சு. நாலாவது நானா வினோத்தா. எனக்கு வேணும். ரொம்ப வேணும். தையல் மெஷின், கஸ்டமர், குக்கர் விசில், இதுக்கெல்லாம் நடுவுல எனக்குன்னு ஆசைப்பட்டது இது ஒண்ணுதான்.

வாங்க: மெரூன் லைனிங், மெஷின் ஊசி, இவருக்கு பிரஷர் மாத்திரை.

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம், மழை இல்ல. கடையில கரண்ட் கட். கை சும்மா இருக்கு. எங்க கிளப் அகராதி எழுதலாம்:

புல்லட் – நாங்க போடுற பெல்லட். இடுப்பு ஒடுங்கின குட்டி ஈயத் துண்டு. "ஒரு டப்பா புல்லட் குடு"ன்னு வினோத் பஸ்ல உக்காந்து போன்ல கத்தினான். பக்கத்து சீட் ஆள் அடுத்த ஸ்டாப்பிங்கிலேயே இறங்கிட்டாராம்.

பவர் – சத்தம் ஜாஸ்தியா வந்தா பவர்.

ஸ்னைப்பர் – குப்புறப் படுத்து சுடுற யார் வேணா.

அக்யூரசி – மத்த எல்லாமே. நடுவுல ஒண்ணு விழுந்தா இருக்கு, விழலைன்னா இல்ல.

ஜீரோ – புது கன்னுக்கு தேவா அண்ணா பண்ற பூஜை. வாங்கின அன்னிக்கு அவரே உக்காந்து சுட்டு, குறி பாக்குற ஸ்கோப்போட திருகுகளைத் திருப்பித் திருப்பி நடுவுக்குக் கொண்டு வருவார். அப்புறம் திருகு நகராம இருக்க மேல சுத்தி கறுப்பு இன்சுலேஷன் டேப். "ஜீரோ பண்ணியாச்சு. இனிமே ஆயுசுக்கும் கை வைக்காத." எங்க கிளப்ல டேப் இல்லாத கன்னே கிடையாது.

அவர் கன்னே இப்ப வலது பக்கம் ஓடுது. ஃபேன் காத்து தள்ளுதாம். நேத்து ஃபேனை நிறுத்திட்டு எல்லாரும் வெந்தோம்.

ராத்திரி சாப்பிடும்போது இவர், "பேசாம வித்துடலாமா?" ரசத்துல உப்பு தூக்கல். வேணும்னுதான் போட்டேன்.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் ஒரு பாட்டம் மழை. கோவிலம்பாக்கம் ரோடு முழுக்க சேறு.

அதுக்கு முன்னால கடையில கல்பனா. பெரும்பாக்கத்துலேர்ந்து வர்ற கஸ்டமர். ஜாக்கெட்டைத் தூக்கி மேஜையில போட்டா. "தையலே சரியில்லக்கா. தோள்ல நிக்கவே மாட்டேங்குது." எனக்கு சுர்ருனு ஏறிச்சு. என் தையலையா சொல்ற? திருப்பிப் போட்டுக் காட்டினேன். ஒரு பிசிறு கிடையாது.

"அளவு ஜாக்கெட் யாருதும்மா குடுத்த?"

"எங்க அக்காவுது. ரெண்டு பேரும் ஒரே சைஸ்னு நெனச்சேன்."

"தையல் நல்லாத்தான் இருக்கு. அளவு உங்க அக்காவோடது."

சொல்லிட்டு அப்படியே நின்னுட்டேன். கத்தரிக்கோல் கையில. அவ "என்னக்கா ஆச்சு"ன்னு கேக்குறா.

வீட்டுக்கு வந்ததும் பழைய அட்டைகளை எல்லாம் எடுத்தேன். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். அம்புட்டு ஓட்டையும் ஒரே இடம். ஒரு ரூபா காசு வச்சா மூடிடும். சிதறவே இல்ல! கன் நல்ல கன். கை நல்ல கை. ஜீரோதான் என்னோடது இல்ல. தேவா அண்ணா ஆறடி, நான் அவர் தோளுக்குக்கூட வர மாட்டேன். அவர் கன்னம் வச்ச இடம் வேற, கண் வச்ச இடம் வேற. அதுவும் இது ஸ்பிரிங் கன், பிடிக்கிற கைக்குத் தகுந்த மாதிரி உதறும்.

நாலு மாசமா தேவா அண்ணா ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். டேப்பை இன்னும் பிரிக்கல. ரெண்டு தடவை நகத்தை வச்சுட்டு எடுத்துட்டேன். நான் நினைச்சது தப்புன்னா இருந்ததும் போச்சு, டீமும் போச்சு. யாருக்கும் தெரியாம பிரிச்சா, "கை வச்ச, கெட்டுப் போச்சு"ன்னு அவர் முடிச்சுடுவார். எல்லார் முன்னாலயும்தான் பிரிக்கணும். பயமாத்தான் இருக்கு.

இவர்கிட்ட அட்டைகளைக் காட்டினேன். ஜன்னல்கிட்ட ரொம்ப நேரம் பாத்தார். "அப்ப விக்க வேணாம்"னார். ரசம் இன்னிக்கு நல்லா வெச்சேன்.

ஜூன் 15, ஞாயிறு

பேனாவை எடுத்ததும் தேதிக்குக் கீழே ரெண்டு கோடு போட்டேன். சந்தோஷத்துலதான்.

செலக்‌ஷனுக்கு முன்னாடி எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க. நேரா போய், "தேவா அண்ணா, என் கன்னுல ஒரு அஞ்சு சுடுங்களேன்"னேன்.

"எதுக்கு? அதான் பேரல் போச்சே."

"சும்மா சுடுங்கண்ணா."

சுட்டார். அஞ்சும் நடுக் கறுப்புல. அவர் முகத்துல ஒரு சிரிப்பு பாக்கணுமே. "பாத்தியா? கன்னு சூப்பரா கீது. அப்ப உன் கையிலதான் அக்யூரசி இல்ல."

போன வாரம் பேரல், இந்த வாரம் கை. சரின்னு நான் உக்காந்து அஞ்சு சுட்டேன். கீழே இடது பக்கம், வழக்கமான இடம். ரெண்டு அட்டையையும் ஒண்ணா தூக்கிக் காட்டினேன்.

"ரெண்டும் ஒரே கன். உங்களுது நடுவுல கொத்தா இருக்கு. என்னுது கீழே கொத்தா இருக்கு. சிதறினாத்தான் கன்னோ கையோ சரியில்லைன்னு அர்த்தம். இது உங்களுக்கு வச்ச ஜீரோண்ணா. எனக்கு யாரும் வைக்கவே இல்ல."

வினோத் குனிஞ்சு ரெண்டு அட்டையையும் உத்துப் பாத்தான். "அக்காவுது டைட்டா இருக்குண்ணா"ன்னு மெல்ல சொன்னான். போட்டிக்கு நிக்கிறவன் சொல்றான். நல்ல பையன், புல்லட்னு சொல்றதைத் தவிர.

டேப்பைப் பிரிச்சேன். "ஏய், வேணாம் ஷீலா"ன்னார். பிசின் விரலெல்லாம் ஒட்டிச்சு. மேல் திருகு கொஞ்சம், பக்கத் திருகு கொஞ்சம். டிக், டிக். சுட்டேன். கொத்து மேல ஏறிச்சு. இன்னும் கொஞ்சம் டிக். சுட்டேன். கறுப்புக்குள்ள.

அப்புறம் செலக்‌ஷன். முடிவான மூணு பேரும்கூட சுட்டாங்க. நான் எதுவுமே யோசிக்கல. மூச்சு, விரல், மூச்சு, விரல். அட்டையை எடுத்துட்டு வந்தாங்க. நடுவுல ஒரே கிழிசல், எலி கடிச்ச மாதிரி. கிளப்லயே நான்தான் முதல். தேவா அண்ணா ரெண்டாவதுகூட இல்ல, இத்தனைக்கும் ஃபேனை நிறுத்திதான் வச்சிருந்தோம்.

டீம்ல நான். நான்தான். பல்லாவரத்துல இறங்கி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். வழியிலேயே மூணு தின்னுட்டேன்.

ஜூன் 16, திங்கள்

வெயில். கல்பனா ஜாக்கெட்டைப் பிரிச்சு, அவ அளவுக்கே தைச்சுக் குடுத்தாச்சு. போட்டுப் பாத்துட்டுக் கண்ணாடியை விட்டு நகரல.

மத்தியானம் தேவா அண்ணா போன். குரல் ரொம்ப மெதுவா. கடையில ஆள் இருக்காங்க போல.

"ஷீலா, நேத்து நீ எத்தினி கிளிக் திருப்புன? மேல எத்தினி, சைடுல எத்தினி? சொல்லு, கன்னு இங்க கடையிலதான் கீது, என்னுதுலயும் அதே வச்சுக்கிறேன்."

சிரிப்பை அடக்கிக்கிட்டேன். "அது என் கண்ணுக்குண்ணா. உங்க கன்னுக்கு எப்ப ஜீரோ வச்சீங்க?"

"அது ஆச்சு, ரொம்ப வருசம்."

"கண்ணாடி போடுறதுக்கு முன்னாலயா?"

போன்ல டேப் பிய்க்கிற சத்தம்.