துறைமுக அதிகாரியும் என் கணவரும் இரவில் ஆடும் சீட்டாட்டம் குறித்து

அனுப்புநர்:
ஃபிலோமெனா பெலாஸ்,
தேவாலயத்துக்குக் கீழ்வீடு,
ஸ்டாரா வாலா, டால்மேஷியா.

பெறுநர்:
திரு. ஆன்ட்ரோ வூகாஸ் அவர்கள்,
துறைமுக அதிகாரி,
ஸ்டாரா வாலா.

பொருள்: என் கணவர் பாஷ்கோ பெலாஸும் தாங்களும் கைப்பேசியில் விடிய விடியச் சீட்டாடுவதால் கண்ணும் தூக்கமும் கெட்டிருப்பது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மேல் தங்களிடமே புகார் கொடுப்பது முறையா என்று தபால் அலுவலகத்தில் விசாரித்தேன். மேலதிகாரி ஸ்ப்ளிட் நகரத்தில் இருக்கிறார், அவருக்கு எழுதினால் கோடை முடிந்துதான் பதில் வரும் என்றார்கள். ஆகவே தங்களுக்கே எழுதுகிறேன்.

2. குளிர்காலத்தில் காபிக்கடையை மூடியதும், தாங்களும் என் கணவரும் அங்கே மாலை வேளைகளில் ஆடிவந்த ப்ரிஷ்குலா சீட்டாட்டம் கைப்பேசிக்கு மாறியது. அப்போது எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏப்ரலில் கடையைத் திறந்துவிட்டார்கள். ஆட்டம் மட்டும் திரும்பிப் போகவில்லை. என் கணவர் போர்வைக்குள் படுத்து ஆடுகிறார். இருட்டில் போர்வை உள்ளிருந்து நீலமாக ஒளிர்கிறது. சில நேரம் சிரிக்கிறது.

3. வசந்தத்தில் அவர் கண்கள் சிவந்து நீர் வடியத் தொடங்கின. அவர் தைத்த வலையில் மத்தி மீன்கள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறின. ஸ்ப்ளிட்டில் கண் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். “மணல் விழுந்த மாதிரி உறுத்துது டாக்டர்” என்றார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, “பெரிய வியாதி ஒண்ணும் இல்ல. போனையே முறைச்சுப் பார்த்துப் பார்த்து இமைக்கறதையே மறந்துட்டீங்க. கண்ணு காஞ்சு போச்சு. தூக்கமும் இல்ல. ராத்திரி சாப்பிட்டதும் போனை வேற ரூம்ல வெச்சிடுங்க, பகல்ல அப்பப்ப தூரத்துல பாருங்க” என்றார். என் கணவர், “தூரத்துல பார்க்கறதுதானே டாக்டர் என் பொழப்பே” என்றார். “அப்ப அதைப் பாருங்க” என்றார் டாக்டரம்மா. கொடுத்த சொட்டு மருந்தை அவர் தவறாமல் போட்டுக்கொள்கிறார். ஆட்டத்துக்கு நடுவே போட்டுக்கொள்கிறார்.

4. ஜூன் மாதம் கடலிலிருந்து திரும்பும்போது சுக்கானைப் பிடித்தபடியே தூங்கிப்போய், கலங்கரை விளக்கத்தடிப் பாறையில் படகை மோதினார். நெற்றியில் தையல் போட்டார்கள். ‘பார்வையும் விழிப்பும் போதாது’ என்று எழுதி, தாங்கள் அவருடைய உரிமத்தைச் செப்டம்பர் முடிய நிறுத்தி வைத்தீர்கள். ஆணை சரியானது. அதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. படகு மோதியதற்கு முந்தைய இரவு அவரோடு ஆடியவர் தாங்கள் என்பதையும், ஆட்டத்தில் தாங்கள் வென்றதையும் மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

5. சென்ற வாரம் தாங்கள் அலுவலக மாடியிலிருந்து ஒலிபெருக்கியில், “ஏய், அந்த மஞ்சள் படகு! யாரைக் கேட்டு அங்க கட்டின? உடனே நகரு!” என்று உத்தரவிட்டீர்கள். அது மீன்கடை யெர்காவின் நிழற்பந்தல். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் ஆகையால் அவள் பந்தலைப் பிரித்துவிட்டாள். மீன் வெயிலில் கிடந்தது. இதைப் பொதுநலன் கருதியே குறிப்பிடுகிறேன்.

6. என் குறைக்கு வருகிறேன். கணவரின் உரிமம் நின்றுபோனதால், என் பெயரிலுள்ள உரிமத்தை வைத்து நானே தனியாகப் படகை எடுக்கிறேன். விடியுமுன் எழ வேண்டும். அவருக்கு எழ வேண்டிய அவசியம் இல்லாததால் முன்னைவிட அதிகம் ஆடுகிறார். இருவருக்கும் ஒரே கட்டில். செவ்வாய்க்கிழமை முனையைத் தாண்டும்போது என் கண் மூடிவிட்டது. சங்கொலி கேட்டு விழித்தபோது கார் ஏற்றி வரும் பெரிய கப்பல் பக்கத்தில் சுவர்போல நின்றது. மேல்தட்டிலிருந்து எட்டிப் பார்த்தவரின் மூன்று நாள் தாடி எனக்குத் தெரிந்தது. இதை இன்னும் கணவரிடம் சொல்லவில்லை. தாங்கள் அதிகாரி என்பதால் முதலில் தங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

7. அன்றிரவே அவர் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினேன்.

“குடு ஃபிலா. அவர் காத்துட்டு இருப்பாரு.”

“காத்துட்டு இருக்கட்டும். ஊருக்கே உத்தரவு போடறவருக்குத் தூங்கத் தெரியாதா?”

“தெரியாது. மரியெட்டா போனதுலேர்ந்து அந்த மனுஷன் ராத்திரியில தூங்கறதே இல்ல. நான் ஆடலன்னா அந்த வீட்டுல ஒரு சத்தமும் இருக்காது.”

தங்கள் மனைவியின் அடக்கத்துக்கு நானும் வந்திருந்தேன். அதற்குப் பிறகு தங்கள் வீட்டில் இரவு எப்படிப் போகிறது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் தோள் வழியாக முழு ஆட்டத்தையும் பார்த்தேன். கையில் பெரிய சீட்டை வைத்துக்கொண்டே தங்களிடம் தோற்றார். டாக்டரம்மா சொன்னது சரிதான், அவர் இமைக்கவும் இல்லை.

8. ஆகவே கீழ்க்கண்டவாறு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்:

தாங்களும் என் கணவரும் ஒரே நாளில் ஸ்ப்ளிட் சென்று கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா எழுதிக் கொடுக்கும்வரை, செப்டம்பர் கடந்தாலும், அவர் உரிமத்தைத் திருப்பித் தரக் கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும் கூடாது.

கைப்பேசி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தாங்கள் தினமும் மாலை எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். இருப்பதைச் சாப்பிடலாம்; பெரும்பாலும் மீன்தான். பிறகு மேசையில் உட்கார்ந்து சீட்டாடலாம். கைப்பேசிகள் சமையலறையில் இருக்கும். மணி பத்து அடித்ததும் விளக்கை அணைத்துவிடுவேன். யார் வெல்கிறார்கள் என்று பார்க்க மாட்டேன்.

அந்நேரம் தங்களுக்கு வீட்டுக்குப் போக மனமில்லையென்றால் போக வேண்டாம். மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அவன் அறை காலி. ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறது. படுக்கை விரித்து வைத்துள்ளேன்.

தங்கள் பதிலைப் பகலில் தெரிவிக்கவும்.

இடம்: ஸ்டாரா வாலா
நாள்: ஜூலை 19

இப்படிக்கு,
ஃபிலோமெனா பெலாஸ்

இணைப்பு: சீட்டுக்கட்டு ஒன்று. புதியது. படங்கள் பெரிதாக உள்ள வகை.