இறுக்கிப் பிடித்த கை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

உன் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகிறது. நடக்கிறார். சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டையும் போடுகிறார்.

நேற்று மறுபரிசோதனைக்குப் போனோம். ரத்தம் எடுத்த நர்ஸ், "கையைத் தளர்த்துங்க சார், இறுக்கினா ரத்தத்துல லாக்டேட்ங்கிற அமிலம் சும்மாவே ஏறிக் காட்டும்" என்றார்.

அவர் காய்ச்சலில் கிடந்த அன்று, ரத்தம் எடுக்க வந்த நீயும் அதையேதான் சொன்னாய். நான் தலையாட்டிவிட்டு, நீ குழாயில் பெயர் எழுதத் திரும்பியதும், போர்வைக்குள் அவருடைய அதே கையைப் பிடித்து, "நான் வேண்டி முடிக்கிறவரை விடாம இறுக்கிக்கோங்க" என்றேன். ஊசி என்றால் அவருக்குப் பயம் என்று உனக்கே தெரியும். கடவுள்மேல் பழி போடவில்லை. கையை விட்டுவிட்டு வேண்டியிருந்தாலும் கடவுளுக்குக் கேட்டிருக்கும்.

இரண்டுக்குள் இருக்க வேண்டிய லாக்டேட் நாலரை என்று வந்தது. அவரைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மறுபடி எடுத்துப் பார்த்தால் ஒன்றேகால். உடனே நான் நடைபாதையில் அத்தனை பேர் முன்னால் உன்னை வேலை தெரியாதவள் என்றேன். "ஐஸ்ல வெச்சு ஓடித்தான் போனேன் அண்ணி" என்றாய். "ஓடினியா, அரட்டை அடிச்சியா?" என்று கேட்டேன். மாத்திரை, காய்ச்சல், மணி எல்லாம் குறித்து வைக்கும் என் நோட்டை நீட்டி, ரத்தம் எடுத்தது பத்து ஐந்து, முடிவு வந்தது பத்து ஐம்பது, நடுவில் குழாய் கிடப்பில் கிடந்ததால்தான் அளவு ஏறியது என்று புகார் எழுதினேன். தலைமை மருத்துவர் நோட்டை நம்பினார். உன்னை அந்தத் தூரத்துக் கிளை மருத்துவமனைக்கு மாற்றினார்கள். போர்வைக்குள் இருந்த என் கையை மட்டும் நான் எங்கும் குறிக்கவில்லை.

கையை இறுக்கியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். இருந்தாலும் அன்று நடந்ததை இன்று காலை அப்படியே எழுதித் தலைமை மருத்துவரிடம் கொடுத்தேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

என் பேச்சைக் கேட்டுத்தான் உன் அண்ணன் உன் போனை எடுப்பதில்லை. அவருக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து சொல்லப்போகிறேன். கத்துவார், கத்தட்டும். அப்புறம் உனக்குத்தான் போன் பண்ணுவார்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். என் எண்ணைப் பார்த்தால் எடுக்காதே. அவர் எண்ணை மட்டும் எடுத்துவிடு, அம்மா.

தலைகுனிந்து,
உன் அண்ணி