அமிலம் தாங்கும் வால்வு

ஜனவரி 12

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. அரசாங்க வேலையில் சேர்ந்ததிலிருந்து அத்தி பூத்தாற்போல்தான் கடிதம் போடுகிறாய். இங்கே எல்லோரும் நலம். பட்டறையும் நன்றாக ஓடுகிறது. அமிலம் தாங்கும் வால்வு இன்னும் நாற்பது நேற்றுக் கப்பல் ஏறியது. 'ஏற்றுமதிக்கு அனுமதி தேவையில்லை' என்று நாலு வருஷம் முன்பு நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதித் தந்தாயே, அந்தத் துண்டுத் தாளைப் பார்த்துத்தான் இன்றும் அனுப்புகிறேன். வீட்டுக்குள்ளேயே வக்கீல் இருக்க எனக்கென்ன குறை? எப்போது வருவாய் என்று அண்ணி கேட்கிறாள்.

உன் அண்ணன்

ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். அந்தத் தாள் அப்போதிருந்த சட்டத்துக்கு. ஆயுதம் செய்யவும் உதவும் என்று போன வருஷம் உன் வால்வைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அனுமதியில்லாமல் அனுப்பினால் குற்றம். பட்டியலில் அந்த வரியை எழுதியவளே நான். எழுதும்போது உன் பட்டறை ஞாபகத்துக்கு வரவில்லை.

தெரியவந்தால் மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டேன். பிறகு வந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். ருசிகூடத் தெரிந்தது.

விசாரிக்க வருவார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்.

தங்கச்சி

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். உன் தாளைக் காட்டி, "இது யார் எழுதினது?" என்றார்கள். "எங்க பழைய கணக்குப்பிள்ளை. செத்துப்போயிட்டாரு" என்றேன். நீயும் அப்படியே சொல்லிவிடு. உன் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. உன் பேரை எடுத்தாலே அண்ணி எழுந்து போய்விடுகிறாள். எனக்கும் ஆறவில்லை. அதற்காகக் கூடப் பிறந்தவளைக் காட்டிக்கொடுக்க முடியுமா?

அண்ணன்

பிப்ரவரி 17

அண்ணா,

அது என் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாள்தான் நீ தப்பிக்க இருந்த ஒரே வழி. என் பேச்சை நம்பித் தெரியாமல் அனுப்பினாய் என்று விட்டிருப்பார்கள். பொய் சொன்னதால் தெரிந்தே செய்ததாகிவிட்டது. என்னையும் பொய் சொல்லச் சொன்ன உன் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். என்னை ஒன்றும் செய்யவில்லை. "உங்களை மாதிரி நேர்மையானவங்க வேணும்" என்றார் மேலதிகாரி. "நன்றி சார்" என்றேன்.

என்னிடம் எதையும் சொல்லாதே என்று முதலிலேயே உனக்கு எழுதியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அழுகை வரும் என்று இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன், வரவில்லை. இனி நீ எது எழுதினாலும் அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எழுதாதே அண்ணா.

தங்கச்சி